சாவியைத் தொடாத பட்டன்

யுனிஸ்வாப் போன்ற ஒரு கிரிப்டோ பரிமாற்றத் தளத்தைத் திறந்தால் வலது மேல்மூலையில் ஒரு பட்டன் இருக்கும்: 'வாலட்டை இணை'. அதை அழுத்தியதும் பிரௌசரின் ஓரத்தில் சின்ன ஜன்னல் ஒன்று திறக்கும். இந்தத் தளம் உங்கள் கணக்கு முகவரியைப் பார்க்க விரும்புகிறது, சம்மதமா என்று கேட்கும். சம்மதம் என்றால், பட்டன் இருந்த இடத்தில் நீளமான ஒரு முகவரியின் தலையும் வாலும் மட்டும் தோன்றும். இரண்டு மூன்று விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த விநாடிகளில் பணம் நகரவில்லை, சாவியும் கைமாறவில்லை. தளத்துக்குக் கிடைத்தவை 42 எழுத்துகள் கொண்ட ஒரு முகவரியும், இனி உங்களிடம் எதையாவது கேட்கலாம் என்ற உரிமையும்தான். கேட்பது ஓரிடம், கையொப்பமிடுவது வேறிடம் என்ற இந்தப் பிரிவினைதான் வாலட் இணைப்பின் உயிர்நாடி. வலைநிரல் உலகில் மிக நேர்த்தியாகச் சிந்தித்துக் கட்டப்பட்ட ஏற்பாடுகளில் இதுவும் ஒன்று என்பேன். இருந்தும், இதுவரை நடந்த மிகப் பெரிய கிரிப்டோ திருட்டுகளில் ஒன்று, எந்தச் சாவியையும் திருடாமல் நடந்தது. இந்த இரண்டு உண்மைகளும் எப்படி ஒன்றாக இருக்க முடிகிறது என்பதைப் புரிந்துகொள்ள, பட்டனுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் சாவி. எத்தீரியம் வாலட் ஒன்றில் உண்மையில் இருப்பது ஓர் எண். 256 இருமங்கள் கொண்ட, தற்செயலாகத் தேர்ந்தெடுத்த எண். அதுதான் தனிச்சாவி. நீள்வட்ட வளைகோட்டுக் கணிதத்தை மறையீட்டியலுக்குப் பயன்படுத்தலாம் என்று 1985-இல் நீல் கோப்ளிட்ஸும் விக்டர் மில்லரும் தனித்தனியாகச் சொன்னார்கள். பிட்காயினும் எத்தீரியமும் எடுத்துக்கொண்ட வளைகோட்டின் சமன்பாடு பள்ளிக்கூடக் கரும்பலகையில் எழுதக்கூடிய அளவுக்கு எளியது: ஒய்-வர்க்கம் சமம் எக்ஸ்-கனம் கூட்டல் 7. அந்தக் கோட்டின் மேல் குறித்துவைத்த ஒரு புள்ளியைத் தனிச்சாவியால் பெருக்கினால் இன்னொரு புள்ளி வரும். அது பொதுச்சாவி. பெருக்கிப் போவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை. திரும்பி வருவதற்கு நடைமுறையில் வழி இல்லை. பொதுச்சாவியைக் கெச்சாக்-256 என்ற சுருக்கச் சார்பில் போட்டு, விடையின் கடைசி 20 பைட்டுகளை எடுத்தால் அதுதான் முகவரி. நாணயம் வாலட்டில் இல்லை. இந்த முகவரியின் பேரில் இவ்வளவு இருக்கிறது என்ற குறிப்பு பிளாக்செயினில் உலகமே பார்க்கும்படி இருக்கிறது. அதை நகர்த்தும் கையொப்பத்தைப் போடக்கூடிய எண் மட்டுமே வாலட்டில் இருக்கிறது.

அந்த எண்ணை வலைப்பக்கம் ஒருபோதும் பார்க்கக் கூடாது. வலைப்பக்கம் என்பது யாரோ எழுதிய நிரல். அதற்குள் விளம்பரக்காரரின் நிரல், புள்ளிவிவரம் சேகரிப்பவரின் நிரல், பெயர் தெரியாத இருபது நூலகங்கள் எல்லாம் கலந்து ஓடும். எனவே மெட்டாமாஸ்க் போன்ற வாலட்டுகள் பிரௌசர் எக்ஸ்டென்ஷனாக வருகின்றன. எக்ஸ்டென்ஷனின் நினைவகத்துக்குள் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நுழைய முடியாதபடி பிரௌசரே சுவர் எழுப்பி வைத்திருக்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சிறிய பொருளை மட்டும் வாலட் விட்டுவைக்கிறது. அதற்குப் புரொவைடர் என்று பெயர். பக்கத்தின் நிரல் அந்தப் புரொவைடரிடம் 'ரிக்வெஸ்ட்' என்ற ஒரே செயல்கூற்றின் வழியாகத்தான் எதையும் கேட்க முடியும். கோரிக்கை சுவரைத் தாண்டி எக்ஸ்டென்ஷனுக்குப் போகும். எக்ஸ்டென்ஷன் தன் சொந்த ஜன்னலைத் திறந்து மனிதரைக் கேட்கும். பதில் அதே வழியாகத் திரும்பி வரும்.

இது தொடக்கத்திலேயே இப்படி இருக்கவில்லை. 2016-இல் ஏரன் டேவிஸும் டான் ஃபின்லேயும் உருவாக்கிய மெட்டாமாஸ்க், ஆரம்ப ஆண்டுகளில் நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்திலும் உங்கள் முகவரியைத் தானாகவே வைத்துவிடும். செய்தித் தளமானாலும் சமையல் குறிப்புத் தளமானாலும், வந்தவரின் முகவரியைச் சத்தமில்லாமல் படித்துக்கொள்ளலாம். பிளாக்செயின் பொதுவானது என்பதால் முகவரி தெரிந்தால் அதன் இருப்பு தெரியும், யாரிடம் வாங்கினார் யாருக்குக் கொடுத்தார் என்ற முழுக் கணக்கும் தெரியும். பெரிய இருப்பு உள்ளவரைக் குறிவைத்துப் போலி ஜன்னல் காட்ட இதைவிட வசதி வேண்டாம். எத்தீரியம் சமூகம் இஐபி 1102 என்ற முன்மொழிவின் மூலம் இதை மாற்றியது: மனிதர் சம்மதிக்கும் வரை முகவரி வெளியே வராது. 2018 நவம்பரில் மெட்டாமாஸ்க் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது பழைய தளங்கள் பல உடைந்தன. உடைத்தது சரிதான். 'வாலட்டை இணை' பட்டனுக்கு அந்த மாற்றத்துக்குப் பிறகுதான் உண்மையான வேலை வந்தது. புரொவைடரின் பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்பதை அதே காலத்து இஐபி 1193 வரையறுத்தது.

இப்போது பட்டனுக்குப் பின்னால் இருக்கும் நிரலைக் கிட்டத்தில் பார்க்கலாம். பக்கம் திறந்ததும் நல்ல நிரல் முதலில் 'ஏற்கெனவே சம்மதம் தந்த முகவரிகள் உண்டா' என்று புரொவைடரிடம் கேட்கும். இந்தக் கேள்விக்கு ஜன்னல் திறக்காது. சம்மதம் முன்பே இருந்தால் முகவரி வரும், இல்லாவிட்டால் வெறும் பட்டியல் வரும். மனிதர் பட்டனை அழுத்திய பிறகே 'முகவரிகளைத் தரச் சம்மதம் கேள்' என்ற இரண்டாவது கோரிக்கை போகும்; ஜன்னலைத் திறப்பது இதுதான். பல புதிய நிரலாளர்கள் இரண்டாவதையே பக்கம் திறக்கும்போது அழைத்துவிடுகிறார்கள். தளம் என்ன என்று படிக்கும் முன்பே ஜன்னல் முகத்தில் வந்து நிற்கிறது. இப்படிப் பழகிப்போன பயனர் எந்த ஜன்னலையும் படிக்காமல் சம்மதிக்கக் கற்றுக்கொள்கிறார். பின்னால் வரப்போகும் விபத்துகளுக்கு விதை இங்கேதான் விழுகிறது என்று நினைக்கிறேன்.

மறுத்தால் 4001 என்ற பிழை எண் வரும். மனிதர் வேண்டாம் என்று சொன்னார் என்பதே அதன் பொருள். அதைக் கோளாறாகக் கருதிச் சிவப்பு எழுத்தில் பயமுறுத்தக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கும்போதே பொறுமையிழந்து பட்டனை மறுபடி அழுத்தினால், மெட்டாமாஸ்க்கிலிருந்து கழித்தல் 32002 என்ற எண் வரும்: முந்தைய கோரிக்கையே இன்னும் காத்திருக்கிறது. இணைந்தபின் மனிதர் வாலட்டுக்குள் கணக்கை மாற்றலாம், வேறு வலையமைப்புக்குத் தாவலாம். இரண்டுக்கும் புரொவைடர் அறிவிப்பு அனுப்பும். அந்த அறிவிப்பைக் கேட்காத நிரல், பழைய கணக்கின் இருப்பைக் காட்டிக்கொண்டே புதிய கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லும்.

வலையமைப்பு விஷயத்தில் ஒரு பழைய காயம் உண்டு. 2016 ஜூலையில் எத்தீரியம் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த பழைய கிளை எத்தீரியம் கிளாசிக் ஆயிற்று. இரண்டிலும் ஒரே முகவரிகள், ஒரே சாவிகள். ஒன்றில் போட்ட கையொப்பத்தை எடுத்து மற்றதில் அப்படியே மறுபடி செலுத்த முடிந்தது. அந்த ஆண்டு இறுதியிலேயே இஐபி 155 வந்தது. ஒவ்வொரு சங்கிலிக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அதையும் கையொப்பத்துக்குள் சேர்த்தார்கள். எத்தீரியத்துக்கு 1, கிளாசிக்குக்கு 61, பாலிகானுக்கு 137. இன்று முகப்பு நிரல் 'எந்தச் சங்கிலியில் இருக்கிறாய்' என்று கேட்டு உறுதி செய்த பிறகே அடுத்த அடி வைக்க வேண்டும்.

ஒருவரிடம் இரண்டு வாலட் இருந்தால்? பல ஆண்டுகள் இது தீராத தலைவலியாக இருந்தது. எல்லா வாலட்டுகளும் பக்கத்தில் ஒரே பெயரில், ஒரே இடத்தில் தங்கள் புரொவைடரை வைத்தன. கடைசியாக ஏறியவர் முன்னால் இருந்தவரை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்வார். எது ஜெயிக்கும் என்பது எந்த எக்ஸ்டென்ஷன் சில மில்லி விநாடிகள் தாமதமாக ஏறியது என்பதைப் பொறுத்தது. 2023-இல் வந்த இஐபி 6963 இதை அழகாகத் தீர்த்தது. பக்கம் 'யார் யார் இருக்கிறீர்கள்' என்று ஒரு நிகழ்வை ஒலிபரப்பும். ஒவ்வொரு வாலட்டும் தன் பெயர், படம், அடையாளம், புரொவைடர் ஆகியவற்றோடு பதில் சொல்லும். பக்கம் அவற்றைப் பட்டியலாக்கிக் காட்டும். தேர்ந்தெடுப்பவர் மனிதர். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெயரும் படமும் அந்த எக்ஸ்டென்ஷனே சொல்லிக்கொள்பவை. எந்த அதிகாரியும் சரிபார்த்தவை அல்ல. படத்துக்குள் நிரலை ஒளித்து அனுப்பவும் முடியும் என்பதால், நிரல் ஓடாத வெறும் படக் குறியீட்டின் வழியாக மட்டுமே அதைக் காட்ட வேண்டும் என்று அந்த ஆவணமே வற்புறுத்துகிறது.

கைபேசியில் வாலட், மேசையில் தளம் என்றால் வாலட்கனெக்ட் போன்ற நெறிமுறை வரும். திரையில் தோன்றும் க்யூஆர் குறியில் ஓர் உரையாடல் எண்ணும் ஒரு மறையீட்டுச் சாவியும் இருக்கும். இரு கருவிகளுக்கும் இடையில் செய்தியைக் கடத்தும் சர்வருக்கு மறைக்கப்பட்ட பைட்டுகள் மட்டுமே தெரியும்.

முகப்பு நிரலாளருக்கு இன்னொரு பொறி எண்களில் இருக்கிறது. எத்தீரியத்தின் நாணயமான ஈத்தரின் மிகச் சிறிய அலகு வெய். ஒரு ஈத்தர் என்பது 1-க்குப் பின் 18 பூஜ்யங்கள் கொண்ட வெய். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண், முழு எண்களை 9007199254740991 வரைதான் பிசகாமல் வைத்திருக்கும். ஈத்தரில் சொன்னால் அது ஏறக்குறைய 0.009. அதற்கு மேல் போனால் கடைசி இலக்கங்கள் ஓசையின்றி மாறிவிடும். ஆகவே தொகைகளை 'பிக்இன்ட்' என்ற தனி வகையில்தான் கையாள வேண்டும்.

முகவரி கிடைத்துவிட்டது. அது அவருடையதுதான் என்பதற்கு என்ன சாட்சி? ஒன்றுமில்லை. பக்கத்தில் ஓடும் நிரலை யாரும் திருத்தலாம். எந்த முகவரியையும் தன்னுடையது என்று சர்வருக்கு அனுப்பலாம். எனவே உள்நுழைவுக்கு இன்னொரு படி வேண்டும். சர்வர் ஒரே ஒரு முறை செல்லுபடியாகும் தற்செயல் எண் ஒன்றைத் தரும். பக்கம் அதை ஒரு வாசகத்தில் பொதிந்து கையொப்பம் கேட்கும். இஐபி 4361 இந்த வாசகத்தின் வடிவத்தை நிர்ணயிக்கிறது: தளத்தின் பெயர், முகவரி, சங்கிலி எண், தற்செயல் எண், நேரம். கையொப்பம் 65 பைட்டுகள். இந்த வகைக் கையொப்பத்தில் ஒரு வியப்பு உண்டு: வாசகமும் கையொப்பமும் கையில் இருந்தால் பொதுச்சாவியைத் திரும்பக் கணக்கிட்டுவிடலாம், அதிலிருந்து முகவரியையும். சர்வர் கணக்கிட்ட முகவரியும் சொல்லப்பட்ட முகவரியும் ஒன்றானால் கதவு திறக்கும். கடவுச்சொல் எங்கும் சேமிக்கப்படவில்லை. திருடப்பட அது இல்லவே இல்லை. வாசகத்தில் உள்ள தளத்தின் பெயரை, கேட்கும் தளத்தின் பெயரோடு வாலட் ஒப்பிட்டுப் பார்ப்பதால், போலித் தளம் அசல் தளத்தின் வாசகத்துக்குக் கையொப்பம் வாங்குவதும் கடினம்.

ஒரு வாசகத்துக்குப் போட்ட கையொப்பம் பணப் பரிமாற்றத்துக்குப் போட்டதாக ஆகிவிடாதா? ஆகாமல் இருக்க, வாசகத்தின் முன்னால் வாலட் ஒரு முன்னொட்டைச் சேர்க்கும். அதன் முதல் பைட், எந்தப் பரிமாற்றமும் தொடங்க முடியாத ஒரு மதிப்பு. ஒரே ஒரு பைட்டில் எழுப்பிய இந்த வேலி இன்றுவரை நிற்கிறது.

இதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. சிக்கல் கையொப்ப ஜன்னலின் உள்ளே என்ன தெரிகிறது என்பதில் தொடங்குகிறது.

டோக்கன்களைப் பரிமாற, ஓர் ஒப்பந்தத்துக்கு, அதாவது பிளாக்செயினிலேயே ஓடும் ஒரு நிரலுக்கு, 'என் கணக்கிலிருந்து இவ்வளவு எடுத்துக்கொள்' என்று அனுமதி தர வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்டால் கட்டணம் கூடும் என்பதால், பல தளங்கள் அளவில்லா அனுமதி கேட்பதை வழக்கமாக்கின. அளவில்லாதது என்றால் 2-இன் 256-ஆம் அடுக்கு கழித்தல் 1 என்ற, 78 இலக்க எண். 2021 டிசம்பர் தொடக்கத்தில் பேட்ஜர் டிஏஓ என்ற தளத்தின் முகப்பு நிரலுக்குள் யாரோ ஒரு துண்டு நிரலைச் செருகியிருந்தது தெரியவந்தது. ஒப்பந்தங்கள் அப்படியே இருந்தன, பயனர்களின் சாவிகளும் பத்திரமாக இருந்தன. வழக்கமான பரிமாற்றத்துக்கு நடுவில் கூடுதலாக ஓர் அனுமதி ஜன்னலை மட்டும் அந்தத் துண்டு காட்டியது. பழக்கத்தில் பலர் சம்மதித்தார்கள். சுமார் 12 கோடி டாலர் போயிற்று. தளத்தில் 'துண்டி' என்று அழுத்தினால் இத்தகைய அனுமதி நீங்கிவிடும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். நீங்காது. இணைப்பு பிரௌசரில் இருக்கிறது. அனுமதி பிளாக்செயினில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே போய் அதை ரத்து செய்ய வேறொரு கையொப்பம் வேண்டும்.

2023 டிசம்பர் 14 அன்று தாக்குதல் இன்னும் ஆழத்துக்குப் போனது. வன்பொருள் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனம், தளங்கள் வாலட்டை இணைப்பதற்காகவே 'கனெக்ட் கிட்' என்ற நூலகத்தை வெளியிட்டிருந்தது. ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மில் முன்னாள் ஊழியர் ஒருவர் வைத்திருந்த கணக்கை ஏமாற்றிக் கைப்பற்றியவர்கள், அந்த நூலகத்தின் நச்சுப் பதிப்பை வெளியிட்டார்கள். பதிப்பைப் பூட்டி வைக்காமல் நூலகத்தை நேரே இணையத்திலிருந்து ஏற்றிக்கொண்டிருந்த தளங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் நஞ்சேறின. அவற்றில் ரிவோக்.கேஷ் ஒன்று, ஆபத்தான அனுமதிகளை ரத்து செய்ய மக்கள் ஓடிப்போகும் இடம் அது. சில மணி நேரத்தில் திருத்திவிட்டார்கள். இழப்பு சுமார் 6 லட்சம் டாலர். தப்பித்தது அதிர்ஷ்டம்.

2025 பிப்ரவரி 21 அன்று அந்த அதிர்ஷ்டம் இல்லை. துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட பைபிட் பரிமாற்ற நிறுவனம், தன் ஈத்தர் கையிருப்பின் பெரும்பகுதியை, பிளாக்செயினில் ஓர் ஒப்பந்தமாகவே இருக்கும் சேஃப் என்ற பல்கையொப்ப வாலட்டில் வைத்திருந்தது. பலர் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் பணம் நகரும். ஒவ்வொருவரின் சாவியும் தனிக் கருவியில். அன்று வழக்கமான ஒரு பரிமாற்றம். சேஃபின் வலைப்பக்கத்தில் முகவரி சரியாகத் தெரிந்தது, தொகை சரியாகத் தெரிந்தது. தலைமைச் செயல் அதிகாரி பென் ஷோ கடைசிக் கையொப்பத்தைப் போட்டார். சுமார் 4 லட்சம் ஈத்தர், அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 150 கோடி டாலர், வெளியேறியது. வட கொரியாவின் கைவரிசை இது என்று அமெரிக்காவின் எஃப்பிஐ சில நாட்களில் அறிவித்தது.

நடந்தது இதுதான். சேஃபின் நிரலாளர் ஒருவரின் கணினி வழியாக நுழைந்தவர்கள், இரண்டு நாள் முன்னதாகவே வலைப்பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை மாற்றி வைத்திருந்தார்கள். மாற்றிய நிரல் பைபிட்டின் வாலட் வரும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். மற்ற எல்லோருக்கும் வழக்கம்போல நடக்கும். திரையில் பைபிட்காரர்கள் கேட்ட பரிமாற்றம். கையொப்பத்துக்கு அனுப்பப்பட்டதோ வேறொன்று. அந்த வேறொன்றில் 'செயல்வகை' என்ற ஒரு புலம் உண்டு. 0 என்றால் இன்னொரு ஒப்பந்தத்தை அழைத்து அதன் வேலையைச் செய்யச் சொல்வது. 1 என்றால் அந்த ஒப்பந்தத்தின் நிரலைக் கொண்டுவந்து, தன் சொந்த நினைவகத்தின் மேலேயே ஓடவிடுவது. 0 இருக்க வேண்டிய இடத்தில் 1 இருந்தது. ஓடிய நிரல், வாலட்டின் நினைவகத்தில் முதல் கட்டத்தை அழித்து எழுதியது. இனி எந்த நிரலின்படி நடக்க வேண்டும் என்று வாலட் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். அது திருடர்களின் நிரலைச் சுட்டியது. பணம் போன இரண்டு நிமிடங்களில் வலைப்பக்கத்தில் பழைய, சுத்தமான கோப்பு திரும்ப வைக்கப்பட்டிருந்தது.

கையிலிருந்த வன்பொருள் கருவிகள் பொய் சொல்லவில்லை. உண்மையில் எதற்குக் கையொப்பம் கேட்கப்படுகிறதோ அதையே காட்டின. ஆனால் மனிதர் படிக்க முடியாத பதினாறடிமான எண்வரிசையாகக் காட்டின. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தை வாசித்துக் காட்டாமல் கட்டை விரலை மட்டும் மையில் அழுத்தச் சொன்னால் எப்படியோ, அப்படி.

பிரிவினை வேலை செய்தது. சாவி சுவருக்கு அப்பால் பத்திரமாகவே இருந்தது. ஆனால் சுவரின் அந்தப் பக்கம் நிற்கும் மனிதருக்கு, இந்தப் பக்கம் சொல்வதைத் தவிர வேறு கண் கொடுக்கப்படவில்லை. கணிதத்தில் செலவிட்ட உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூடக் கையொப்ப ஜன்னலின் வாசகத்தில் செலவிடப்படவில்லை என்பதுதான் என் ஆதங்கம். புலங்களைப் பெயரோடு பிரித்துக் காட்டும் இஐபி 712 முன்மொழியப்பட்டது 2017-இலேயே. ஒப்பந்த எண்வரிசையை 'இன்னாருக்கு இவ்வளவு அனுப்புகிறீர்கள்' என்று வாலட்டே மொழிபெயர்த்துக் காட்டுவதற்கான இஆர்சி 7730 வந்தது 2024-இல். எல்லாத் தளங்களும் எல்லாக் கருவிகளும் இவற்றுக்கு மாறிவிடவில்லை.

முகப்பு நிரலாளர் இன்றே செய்யக்கூடியவை உண்டு: நூலகத்தின் பதிப்பைப் பூட்டி வைப்பது, கோப்பு மாறினால் பிரௌசரே ஏற்க மறுக்கும்படி அதன் சுருக்க மதிப்பைப் பக்கத்தில் எழுதி வைப்பது, தேவையான அளவுக்கு மட்டும் அனுமதி கேட்பது. ஆனால் பக்கமே கைமாறிவிட்டால் பக்கத்தில் எழுதிய காவல் எதுவும் உதவாது. அங்கே கையொப்பமிடுபவர் வலைப்பக்கத்தை விட்டு வெளியே வர வேண்டும். சேஃப் பரிமாற்றம் ஒன்றின் புலங்களை, முகவரி, தொகை, செயல்வகை எல்லாவற்றையும், இன்னொரு கணினியில் கையால் உள்ளிட்டால், அதன் சுருக்க மதிப்பை இணையத் தொடர்பே இல்லாமல் கணக்கிடலாம். அதற்கான சிறு நிரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பிப்ரவரி 21 அன்று யாராவது ஒருவர் தாம் அனுப்ப நினைத்த பரிமாற்றத்தை, செயல்வகை 0 என்று போட்டு இப்படிக் கணக்கிட்டிருந்தால், கருவியின் சிறு திரையில் நின்ற வரிசையோடு அது முதல் சில எழுத்துகளிலேயே ஒத்துப்போயிருக்காது.